நடுத்தட்டுக் கார்டுக்கு விலை போட்டவன்

போன மாதம் கடையிலிருந்து போன் வந்தது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது இருப்பவர் பேசினார். மெமரி விலை நாளுக்கு நாள் ஏறுகிறது, கிராபிக்ஸ் கார்டும் கூடவே ஏறும் என்கிறார்கள், இப்போதே ஒரு இருபது கார்டு வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். என்னிடம் கேட்கச் சொன்னது முதலாளி மேடம்தானாம். எனக்கு மேடத்தைத் தெரியும். ‘கணேசன் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டு அதற்கு நேர் எதிராகச் செய்’ என்றுதான் சொல்லியிருப்பார். பாவம், இவருக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

தேனியில் ஒரே கம்ப்யூட்டர் கடையில் இருபத்தேழு வருடம் விலை போட்டவன் நான். எந்தப் பொருள் ஏறும், எந்தப் பொருள் இறங்கும் என்று நான் சொல்லாத நாளில்லை. சொன்னதில் எத்தனை பலித்தது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

இந்தத் தன்னம்பிக்கைக்குக் காரணம் ஏலக்காய். கடைக்கு வருவதற்கு முன் போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் நான்கு வருடம் வேலை பார்த்தேன். காயைத் தரம் பிரிப்பது, மூட்டை தைப்பது, ஏலத்தில் என்ன விலை போனது என்று ஓடிவந்து சொல்வது. அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: விலை இறங்கினால் பதறாதே, மூட்டையைக் கட்டி உள்ளே வை, மலையில் மழை பொய்த்தால் மறுபடி ஏறும். பிறகு தேனிக்கு வந்து ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தேன். அதில் நினைவிருப்பது, ஏசி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்தது மட்டும்தான். ஏலக்காய் விலை புரிந்தவனுக்கு எந்த விலையும் புரியும் என்ற நினைப்போடு கடையில் சேர்ந்தேன். கார்டை மூட்டை கட்டி வைத்தால் அது டப்பாவுக்குள்ளேயே கிழமாகிவிடும் என்று எனக்குப் புரிய ரொம்ப வருடம் ஆனது.

கடை முதலாளி சுகந்தி மேடம். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுத்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுக் கடை போட்டார். வாத்தியார் குணம் மட்டும் விடவில்லை. குரலை உயர்த்த மாட்டார். தப்புச் செய்தவனைப் பார்த்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், சேலை நுனியில் இரண்டு பக்கமும் துடைப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மாட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். அவர் துடைத்து முடிப்பதற்குள் அந்தக் கேள்வி என்னவாக இருக்கும் என்று நமக்கே தெரிந்துவிடும். திட்டு வாங்கினால்கூட இவ்வளவு வலிக்காது.

விலை போடுவது எப்படி என்று சொல்ல வேண்டும். காலை பத்து மணிக்குள் சென்னை, கோயம்புத்தூர், மதுரை மூன்று ஊர் மொத்த வியாபாரிகளிடமிருந்தும் போனில் விலைப்பட்டியல் வந்துவிடும். மூன்றில் குறைந்ததை எடுத்து, வரி சேர்த்து, அந்த ஊரிலிருந்து பஸ்ஸில் பார்சல் வரும் செலவைச் சேர்த்தால் நம் அடக்க விலை. அடுத்து ஆன்லைனில் என்ன விலை என்று பார்ப்பேன். பாதி நாள் அது நம் அடக்க விலையைவிடக் குறைவாக இருக்கும். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பேன். கடைசியாக, பழனிசெட்டிபட்டியில் எங்களுக்குப் போட்டியான சரவணன் கடையில் என்ன விலை என்று விசாரிக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு மேடம் முன்னால் போய் நிற்பேன். அவர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தலையாட்டுவார். ஆட்டாமல் நின்றால் அந்த இடத்தில் நான் உளறியிருக்கிறேன் என்று அர்த்தம்.

கிராபிக்ஸ் கார்டில் மூன்று தட்டு உண்டு. கீழ்த்தட்டுக் கார்டு, திரையில் படம் வந்தால் போதும் என்பவர்களுக்கு. அதில் சண்டை கிடையாது. மேல்தட்டுக் கார்டு ஒரு மோட்டார் பைக் விலை. எங்கள் ஊரில் அதை வாங்குகிறவர்கள் மொத்தமாக ஒரு ஆட்டோவில் உட்காரலாம். நடுத்தட்டுதான் போர்க்களம். கேம் ஆடும் காலேஜ் பிள்ளைகள், வீட்டு எலிவேஷன் வரைகிற இன்ஜினீயர்கள், கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். சிப் செய்கிற பெரிய கம்பெனிகளும் அங்கேதான் மோதிக்கொள்ளும். ஒருத்தர் விலையை இறக்கினால் அடுத்தவர் அதே விலைக்கு மெமரியைக் கூட்டித் தருவார். அவர்கள் எங்கேயோ உட்கார்ந்து மோதுவதற்கு, தேனியில் முப்பதாயிரம் ரூபாய்ப் பொருளில் ஆயிரம், இரண்டாயிரம் மிஞ்சுமா என்று நான் விரலை மடக்கிக்கொண்டிருப்பேன்.

சரவணன் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கடை திறந்த புதிதில் வாசலில் கரும்பலகை வைத்து, அன்றைய நடுத்தட்டுக் கார்டு விலையை எழுதிப்போட ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. தினமும் காலையில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அந்த வழியாக டிவிஎஸ் வண்டியில் போய், பலகையைப் படித்துவிட்டு வந்து, நூறு ரூபாய் குறைத்து எழுதுவேன். மறுநாள் அவர் இன்னொரு நூறு குறைத்திருப்பார். பதினோரு நாள் இப்படியே போனது. பதினோராம் நாள் அடக்க விலையைத் தாண்டிக் கீழே போய்விட்டேன். மேடம் தலையாட்டவில்லை. சரவணனால் முடிகிறதே, நம்மால் ஏன் முடியாது என்று வீரமாகப் பேசினேன். அன்று மத்தியானம் அங்கிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர் சொன்னார், சரவணன் கடையில் அந்தக் கார்டு ஒன்றுகூட இல்லையாம். முன்பு விற்ற கார்டின் காலி டப்பா ஒன்று ஷோகேஸில் இருக்கிறதாம். விலையைப் பார்த்து உள்ளே வருகிறவர்களிடம் வேறு கார்டை விற்றுவிடுகிறாராம்.

மேடம் கண்ணாடியைத் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அப்ப பதினோரு நாளா நீங்க யாரோட சண்ட போட்டுக்கிட்டு இருந்தீக?”

அதோடு மேடம் அந்த விஷயத்தை விட்டுவிட்டார். இன்னொரு கடையாக இருந்தால் என்னை அனுப்பியிருப்பார்கள்.

இது சிரித்துவிட்டுப் போகிற கதை. அடுத்தது அப்படியில்லை.

ஊரடங்கு முடிந்த சமயம் கார்டுகளுக்குப் பஞ்சம் வந்தது. கார்டுகளை ராத்திரி பகலாக ஓடவிட்டு பிட்காயின் மாதிரி இணையக் காசு சம்பாதிக்கலாம் என்று உலகம் முழுக்க ஒரு வெறி பிடித்திருந்தது. நடுத்தட்டுக் கார்டு மேல்தட்டு விலைக்குப் போனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. ஒரு மொத்த வியாபாரி பன்னிரண்டு கார்டு தருகிறேன் என்றார், ஆனால் ஒவ்வொரு கார்டோடும் அவரிடம் விற்காமல் கிடக்கிற ஒரு மதர்போர்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். மேடம் யோசித்தார். எனக்குள் இருந்த ஏலக்காய்க்காரன் எழுந்து நின்றான். விலை இன்னும் ஏறும், எடுக்காவிட்டால் வருத்தப்படுவோம் என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். நான் அன்று பேசியது போல என் கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போனபோதுகூடப் பேசியதில்லை. மேடம் கடைசியில் தலையாட்டினார்.

பன்னிரண்டும் வந்தன. மதர்போர்டுச் செலவும் ஏறிய அந்த விலைக்கு எங்கள் ஊரில் இரண்டு மாதத்தில் ஐந்துதான் விற்றன. பங்குனி மாதம் ஒரு காலை, அதே வியாபாரியிடமிருந்து மெசேஜ் வந்தது. புது வரிசைக் கார்டு சித்திரையில் வருகிறது, விலை நன்றாகக் குறையும், கையிருப்பை மெதுவாகத் தள்ளிவிடுங்கள் என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு நிமிர்கிறேன், கவுண்டருக்கு அந்தப் பக்கம் வளர்மதி நிற்கிறது.

வளர்மதி காமயகவுண்டன்பட்டி. சொந்தத்தில் திராட்சைத் தோட்டம் இருந்தாலும் தனியாக ஒரு தொழில் வேண்டும் என்று கல்யாண வீடியோ எடிட்டிங் பழகி, வீட்டு மாடியில் ஒரு அறையில் செய்துகொண்டிருந்தது. கம்பத்திலிருந்து சின்னமனூர் வரை போட்டோகிராபர்கள் அதனிடம் வேலை கொடுப்பார்கள். பழைய கார்டு திணறுகிறது, வைகாசி முகூர்த்தத்துக்கு வேலை குவியும், புதுக் கார்டு வேண்டும் என்றது. விலையைக் கேட்டு மலைத்துப்போய் நின்றது. பிறகு என்னைப் பார்த்து நேராகவே கேட்டது.

“அண்ணே, இப்பவே வாங்கவா, ரெண்டு மாசம் பொறுக்கவா? நீங்க சொன்னா சரி.”

ஏழு கார்டு அலமாரியில் இருந்தது. மதர்போர்டு பன்னிரண்டும் அதன் மேல் இருந்தன. என் அரை மணி நேரப் பிரசங்கம் எல்லாவற்றுக்கும் மேல் உட்கார்ந்திருந்தது. இன்னும் ஏறும், இன்றைக்கே எடுத்துக்கொள் என்றேன். வளர்மதி அன்றே வாங்கிக்கொண்டு கம்பம் பஸ் ஏறியது. பில் போட்டுவிட்டு, வியாபார சாமர்த்தியம் என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன். அந்தப் பாராட்டு மத்தியானச் சாப்பாடு வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

புதுக் கார்டு சொன்னபடி வந்தது. பழைய வரிசைக் கார்டு விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. கம்பத்தில் வளர்மதிக்குப் போட்டியாக இருந்த ஒரு ஸ்டுடியோக்காரர் இறங்கின விலையில் புதுக் கார்டு வாங்கினார். எங்கே வாங்கினார் என்றா கேட்கிறீர்கள், எங்களிடம்தான். போட்ட முதல் குறைவு என்பதால் அவர் எடிட்டிங் கூலியைக் குறைத்துக் கேட்டார். அதிக விலைக்கு வாங்கிய வளர்மதியால் குறைக்க முடியவில்லை. வைகாசியில் வரவேண்டிய மூன்று கல்யாணம் அந்தப் பக்கம் போய்விட்டது. கார்டு விலை கடைக் கவுண்டரோடு முடிந்துபோகிற விஷயம் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது வீரபாண்டித் திருவிழா சமயம். பிள்ளைகளோடு கோயிலுக்குப் போகிற வழியில் வளர்மதி கடைக்கு வந்தது. சண்டை போடவில்லை. மூன்று கல்யாணம் கைவிட்டுப் போனதைச் சொன்னது. பிள்ளைகளை வெளியே ஜூஸ் கடையில் நிற்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டது.

“வெல எறங்கப்போகுதுன்னு அன்னைக்கு ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“தெரியாதும்மா,” என்றேன்.

சரிண்ணே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. அடுத்த நாலு நாளும் நான் யாருக்குமே சரியாக விலை சொல்லவில்லை. ஒரு மவுஸுக்குக் கீபோர்டு விலையைச் சொல்லி, அந்த ஆள் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட, கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், மெசேஜையும் காட்டினேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. அப்படியே கையில் வைத்துக்கொண்டார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“இத ஏன் என்கிட்ட சொல்றீக? கார்டு வாங்குனது நானா?”

பிறகு, வாங்கின விலைக்கே கார்டைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லச் சொன்னார். கடைக்குத்தான் நட்டம், ஆனாலும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும், போனில் கூடாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கம்பம் போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் காமயகவுண்டன்பட்டி போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ‘சந்தை நிலவரம்’ என்று ஆரம்பிப்பதாக இருந்தேன். மாடிப்படி ஏறி அந்த அறைக்குள் போனதும் சந்தை நிலவரம் மறந்துவிட்டது. “அன்னைக்கு எனக்குத் தெரியும்மா. காலையிலயே மெசேஜ் வந்துருச்சு. கார்டு தேங்கிக் கெடந்துச்சு, அதான் பொய் சொன்னேன்,” என்று நின்றபடியே சொல்லிவிட்டேன்.

வளர்மதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு மணப்பெண் சிரிப்பதை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தது.

“வெல எறங்குனதுமே புரிஞ்சுபோச்சுண்ணே. அன்னைக்கு நாங் கேக்கவும் போன எடுத்துக் கவுத்து வச்சீக. திருவிழாவுக்கு வந்தப்பவாவது சொல்லுவீகன்னு பாத்தேன்.”

கார்டைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று மேடம் சொன்னதைச் சொன்னேன். கார்டைக் கொடுத்தால் போன கல்யாணம் திரும்பி வருமா என்று கேட்டது. உட்காரச் சொல்லி, இரண்டு படத் துண்டுகளைப் போட்டுக் காட்டி, எது நன்றாக இருக்கிறது என்றது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. முதலாவது என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். அதுதான் மோசமான துண்டாம். முகத்தின் நிழல் இரண்டாவதில்தான் சரியாக விழுந்திருக்கிறதாம். பழைய கார்டில் இந்த வேலைக்கு ஒரு ராத்திரி ஓடும், என்னிடம் வாங்கின கார்டில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்று சொன்னது. இத்தனை வருடம் கார்டு விற்றவன், ஒரு கார்டு என்ன வேலை செய்கிறது என்று அன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். அதுவரை எனக்கு அது விலை ஒட்டின டப்பா.

கார்டு நன்றாக உழைக்கிறது என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. எப்படியோ நல்லதாக முடிந்ததே என்கிற மாதிரி ஏதோ சொல்லப்போனேன். வளர்மதி நாற்காலியைத் திருப்பியது.

“கார்டு நல்லா இருக்குங்கிறதுக்காக நீங்க சொன்னது சரின்னு ஆயிராதுண்ணே.”

காசு வேண்டாம் என்றது. ஒன்று மட்டும் செய்யச் சொன்னது. இனி எனக்கு விலை பற்றி வருகிற மெசேஜை எல்லாம் அப்படியே தனக்கும் அனுப்பிவிட வேண்டும். வாங்குவதா பொறுப்பதா என்று நான் சொல்லவே கூடாது. அதைத் தானே முடிவு செய்துகொள்ளும். மறுக்கிற நிலையில் நான் இல்லை. மேடத்திடம் வந்து சொன்னேன். கேட்டுவிட்டு, அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு மெசேஜ் வந்ததும் காமயகவுண்டன்பட்டிக்குத் தள்ளிவிடுவேன். முதலில் பதில் எதுவும் வராது. சில மாதம் கழித்துக் கேள்விகள் வர ஆரம்பித்தன. சென்னையைவிட மதுரையில் ஏன் விலை கூட, மாசக் கடைசியில் மட்டும் ஏன் இறங்குகிறது என்று கேட்கும். மாசக் கடைசியில் வியாபாரிகள் விற்பனைக் கணக்கை முடிக்க அவசரப்பட்டு இறக்குகிறார்கள் என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. நான் ஏறும் என்று நினைத்த கார்டை வளர்மதி இறங்கும் என்று சொல்லும், அது இறங்கும். மேடம்கூட ஸ்டாக் எடுக்கும் முன், “ஒங்க காமயகவுண்டன்பட்டி என்ன சொல்லுது?” என்று கேட்க ஆரம்பித்தார். நானும் வெட்கமில்லாமல் கேட்டுச் சொன்னேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் வளர்மதி என்னை வரச் சொன்னது. மாடி அறைக்குப் போனால் அங்கே சரவணன் உட்கார்ந்திருக்கிறார். ஹெல்மெட் இல்லாமல் நாங்கள் நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. விஷயம் என்னவென்றால், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எடிட்டிங் ஆட்கள் பதினாலு பேரை வளர்மதி ஒரே குழுவாகச் சேர்த்திருந்தது. மூன்று கல்யாணத்தைத் தட்டிக்கொண்டு போன அந்தக் கம்பம் ஸ்டுடியோக்காரரும் அதில் உண்டு. தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொருத்தருக்கும் ஒரு விலை, அப்புறம் அதை வைத்து ஒருத்தர் கூலியை ஒருத்தர் அடிப்பது, அது இனி வேண்டாம், பதினாலு பேரும் ஒரே நாளில் ஒரே விலையில் ஒரே கார்டு வாங்குவதாக முடிவு.

நானும் சரவணனும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆளுக்கொரு விலை சொல்லத் தயாரானோம். வளர்மதி அதற்கு இடம் தரவில்லை. ஒரு துண்டுத் தாளில் ஒரு தொகையை எழுதி இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தது. “இந்த வெலைக்கு ஆளுக்கு ஏழு. முடியாதுன்னா இன்னொருத்தருக்கு பதினாலு,” என்றது. அடக்க விலைக்கு மேல் இருநூறு ரூபாய்தான் அதில் இருந்தது. சரவணன் டீசல் விலையைப் பற்றிப் பேசிப் பார்த்தார். நான் கடை வாடகையைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். வளர்மதி இரண்டையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. பிறகு காப்பி வந்தது. குடித்துவிட்டு இரண்டு பேரும் சரி என்றோம்.

திரும்பும்போது சரவணன் தன் பைக்கில் ஏறிக்கொள்ளச் சொன்னார். உத்தமபாளையம் தாண்டினோம். பிறகு அவர் லேசாகத் தலையைத் திருப்பிக் கேட்டார், நம் அடக்க விலை அந்த அம்மாவுக்கு எப்படி அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது, யாரோ உள்ளே இருந்து சொல்லாமல் இது நடக்காது என்று. தெரியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த வார்த்தையை ஒரு தடவை சொல்லிவிட்டு நான் பட்டது போதும் என்று இருந்தது.

“நான்தான். மூணு வருசமா தெனமும் அனுப்பிக்கிட்டு இருக்கேன்,” என்றேன்.

பைக் வேகம் குறைந்தது. தென்னந்தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினார். சின்னமனூருக்கு இன்னும் மூன்று கிலோமீட்டராவது இருக்கும். வெயில் நன்றாக அடித்தது. நான் இறங்கி நின்றேன், பஸ் ஏதாவது வருகிறதா என்று பின்னால் பார்த்தேன். சரவணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எதையோ தேடி, என் பக்கம் நீட்டினார். அன்று காலை அவருக்கு வந்த விலைப்பட்டியல். பத்து மணி எட்டு நிமிடத்துக்கு அவரும் அதைக் காமயகவுண்டன்பட்டி வளர்மதிக்கு அனுப்பியிருந்தார்.

“எனக்கு ரெண்டு வருசந்தான் ஆகுது,” என்றார். “ஏறுங்கண்ணே, வெயிலா இருக்கு.”